ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

பதினொரு ஞாயிற்றுக்கிழமைகள் நான் எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் ஊற்றினேன். தமிழ்ப் பூசை முடிந்து வந்ததும் குளிர்க் கோட்டைக்கூடக் கழற்றாமல் நிலவறையான பேஸ்மென்றுக்குள் இறங்குவேன். பொயிலரின் பக்கத்தில் அழுத்தம் காட்டும் ஒரு வட்டக் கண்ணாடி. அதற்குள் ஊசி பத்திலோ பதினொன்றிலோ நிற்கும். சுவரோரக் குழாயில் இருக்கும் சிவப்புப் பிடியை மெல்லத் திருப்புவேன். தண்ணீர் உள்ளே போகும் சத்தம் கேட்கும். ஊசி பதினெட்டுக்கு வந்ததும் பிடியை மூடிவிட்டு, பக்கத்தில் தொங்கும் நாட்காட்டியில் அன்றைய கட்டத்துக்குள் ஒரு சரி போடுவேன். அதற்குப் பிறகுதான் மேலே போய் உலை வைப்பது.

அந்த நாட்காட்டி இன்னும் அங்கேயே தொங்குகிறது. கழற்ற மனம் வரவில்லை. பதினொரு சரிகளும் என் கையால் போட்டவை.

எங்கள் வீடு நகரின் பழைய பகுதியான பார்க்டேலில், மூன்று தளமுள்ள பழைய செங்கல் வீடு. மல்வேர்ன், மார்க்கம் போன்ற புறநகர்களில் இருக்கிற எங்கள் ஆட்களின் வீடுகளில் நிலத்தில் உள்ள ஓட்டைகளால் சூடு காற்றாக வரும். எங்கள் வீட்டில் அது தண்ணீராக வரும். கீழே பொயிலர் தண்ணீரைச் சூடாக்க, அது குழாய்களுக்குள்ளால் ஏறி, ஒவ்வொரு அறையிலும் சுவரோரம் நிற்கிற இரும்பு ரேடியேற்றருக்குள் போய், அறைக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டு ஆறித் திரும்பும். திரும்பி வந்த அதே தண்ணீர் மறுபடி சூடாகி மேலே போகும். புதுத் தண்ணீர் தேவைப்படாது. இந்தக் கடைசி வசனத்தை எனக்கு ஒருவர் முன்னமே சொல்லியிருந்தால் இதை எழுத வேண்டி வந்திராது.

ஒக்டோபரில் மேல்தளத்து ரேடியேற்றர் கசியத் தொடங்கியது. இரும்பு வெடித்து, நிலப் பலகையில் துருநிறத்தில் ஒரு கோடு. அந்த அறையில் தையல் மெஷினும் பழைய பெட்டிகளும்தான் இருந்தன. ஆனால் அதற்கு நேர் கீழேதான் என் மகளின் அறை. அவளுக்குப் பதினாறு வயது. சளி பிடித்தால் இரண்டு மாதத்துக்கு நெஞ்சை விட்டுப் போகாத பிள்ளை. அவளுடைய அறை ஈரமாகக்கூடாது, குளிராகக்கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு யோசனை இல்லை.

என் கணவர் நெடுந்தூர லொறி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் எல்லைக்கு அப்பால். ஆகவே வீட்டில் எது பழுதானாலும் நான் கூப்பிடுவது ஒருவரைத்தான்: கணவரின் பள்ளித்தோழர், என்னை விட இரண்டு வயது இளையவர், மகளின் ஞானத்தகப்பன். மகள் பிறந்த நாளில் கணவர் எங்கேயோ பனிக்குள் மாட்டிக்கொள்ள, என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர். பிள்ளையை அவளுடைய அப்பாவுக்கு முதலே கையில் வாங்கியவரும் அவர்தான். ஞானஸ்நானத்தில் மெழுகுதிரி பிடித்துக்கொண்டு நிற்கிற அவருடைய படம் எங்கள் வரவேற்பறையில் இருந்தது. அவள் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

அவருக்கு ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் பராமரிப்பு வேலை. பொயிலரும் குழாயும் தினம் தொடுகிற சாமான்கள். வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“அக்கா, உந்தக் கிழட்டு இரும்பைக் கழட்டி எறிவம். புதுசு மெல்லிசாக் கிடக்கும், கெதியாச் சுடும்.”

“உமக்கு நேரம் இருக்கோ தம்பி?”

“மருமோளுக்குக் குளிருமெண்டால் நேரம் தன்ரபாட்டில வரும்.”

நான் ஒரு கல்லூரியின் அனுமதி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். வெளிநாடுகளிலிருந்து வரும் சான்றிதழ்களைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. நகல் போதாது, அசல் எங்கே என்று ஒரு நாளைக்கு இருபது தடவை கேட்கிறவள். ரேடியேற்றர் மாற்றும் வேலைக்கு உரிமப் பத்திரம் வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் பிள்ளைக்கு முன்னால் மெழுகுதிரி பிடித்த மனிதரிடம் போய், உம்மட்ட உரிமப் பத்திரம் இருக்கோ என்று எந்த வாயால் கேட்பது? எங்கள் ஆட்களுக்குள் அப்படிக் கேட்டால் அடுத்த நாளே உறவு முறிந்துவிடும். அந்தக் கேள்வி தொண்டைக்குள்ளேகூட வரவில்லை என்பதுதான் உண்மை.

ஒரு சனிக்கிழமை காலையில் வந்து வேலையைத் தொடங்கினார். காசு வாங்க மாட்டார். ஆகவே சமைத்தேன். மத்தியானம் கீழே வந்து சாப்பிடச் சொன்னபோது, உடுப்பெல்லாம் துரு, கதிரையில் இருக்க ஏலாது, மேலேயே தாருங்கோ என்றார். சோறு ஒரு தட்டில், கணவாய்க் கறி ஒரு ஐஸ்கிறீம் பெட்டியில். மிஞ்சினால் மூடி வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று அப்படிக் கொடுப்பது வழக்கம். எங்கள் வீட்டில் வெறுமையான ஐஸ்கிறீம் பெட்டி எதுவும் குப்பைக்குப் போவதில்லை. கறி வைத்து, நீல நிற ஒட்டுநாடாவில் பெயரும் திகதியும் எழுதி, பெட்டியின் பக்கத்தில் ஒட்டி, உறைபெட்டிக்குள் அடுக்குவேன்; கொடுத்துவிடும் பெட்டியிலும் அப்படித்தான். மகள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். “அம்மாவுக்கு ஐஸ்கிறீம் பெட்டிக்கும் பேர்த் சேர்ட்டிஃபிகேற் வேணும்.”

பின்னேரம் நான்கு மணிக்கெல்லாம் வேலை முடிந்துவிட்டது. புது ரேடியேற்றர் வெள்ளையாய், மெலிதாய், அழகாய் இருந்தது. பழையதைவிட அகலம் குறைவு என்பதால் குழாயை நிலப் பலகைக்குக் கீழே ஒரு துண்டு நீட்ட வேண்டி வந்ததாம். அந்தப் பலகையை மறுபடி பொருத்தித் திருகாணி முறுக்கியிருந்தார். எல்லாம் துப்புரவு. போகும்போது பெட்டியைப் பற்றி நான் யோசிக்கவில்லை. கொண்டுபோயிருப்பார் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வாரம் குளிர் இறங்கியதும் தொல்லை தொடங்கியது. கீழ்த்தளம் வேர்க்கிற அளவுக்குச் சுடும், மேல்தளம் சில்லிட்டுக் கிடக்கும். மகளின் அறை ரேடியேற்றர் அடியில் மட்டும் சுடும், தலைப்பக்கம் பச்சைத் தண்ணீர் போலிருக்கும். உள்ளே யாரோ வாய் கொப்பளிப்பது போல ஒரு சத்தம். தொலைபேசியில் கேட்டேன்.

“காத்துப் பிடிச்சிருக்கு அக்கா. கழட்டிப் பூட்டினால் காத்து உள்ள போகத்தான் செய்யும். சாவியொண்டு தந்தனான் எல்லே? அதால ஒவ்வொண்டையும் திறந்து காத்தை விடுங்கோ. கீழ இருந்து மேல போங்கோ. தண்ணி துப்பினவுடனே பூட்டுங்கோ.”

செய்தேன். ஒரு கையில் சின்னப் பித்தளைச் சாவி, மறு கையில் தண்ணீர் பிடிக்க ஒரு தேநீர்க் கோப்பை. சாவியைக் கால் சுற்றுத் திருப்பினால் காற்று சீறும். கறுத்த தண்ணீர் இரண்டு துளி வரும். மூடுவேன். ஒரு மணித்தியாலத்தில் மகளின் ரேடியேற்றர் தலையிலிருந்து கால்வரை சுட்டது. அவள் அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, “வாவ் அம்மா, பிளம்பர் அம்மா” என்றாள். திங்கட்கிழமை அலுவலகத்தில் எல்லாருக்கும் இதைச் சொன்னேன். அப்படிப் பெருமைப்பட்டு நிறைய நாளாகியிருந்தது.

பிறகு ஊசி இறங்கத் தொடங்கியது. காற்றை விட்டால் அழுத்தம் கொஞ்சம் குறையும், அது இயல்பு என்றார். ஒரு பின்னேரம் வந்து பேஸ்மென்றுக்குள் பத்து நிமிடம் நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“இஞ்ச பாருங்கோ அக்கா. உந்தச் சிவப்புப் பிடி எப்பவும் பூட்டித்தான் கிடக்கோணும். ஞாயிற்றுக்கிழமையில மட்டும் திறந்து, ஊசி பதினெட்டுக்கு வந்தவுடனே பூட்டுங்கோ. ஞாபகமிருக்கும்தானே? பூசைக்குப் போயிட்டு வந்தவுடனே செய்தால் மறக்க மாட்டியள்.”

“எவ்வளவு காலத்துக்கு?”

“பழைய வீடு. உதுக்கும் எங்களைப் போலத்தான், வயசு போகப் போக தண்ணி விடாய் கூட.”

சிரித்தேன். அவரும் சிரித்தார். அந்த இடத்தில் வைத்துத்தான் நாட்காட்டியைத் தொங்கவிட ஆணி அடித்துத் தந்தார்.

கோயில் வாசலில் ஒவ்வொரு ஞாயிறும் என்னைக் காணும்போது கேட்பார், “போன கிழமை எத்தினையில நிண்டது?” நான் சொல்வேன், பதினொன்று, பத்து, பத்தரை. “நிரப்பினியளோ? கெட்டிக்காரி.” பக்கத்தில் நிற்கிறவர்களிடம் திரும்பி, “எங்கட அக்கா இப்ப பொயிலர் இன்சினியர்” என்பார். அவர்கள் சிரிப்பார்கள். அந்தக் கேள்வியையும் பதில்களையும்தான் இப்போது என்னால் தாங்க முடியவில்லை. ஒழுக்கு நிற்கவில்லை என்று வாரம் தவறாமல் அவருக்கு அறிவித்துக்கொண்டிருந்தவள் நான். கேட்டுத் தெரிந்துகொண்டு போனவர் அவர்.

நவம்பரிலேயே மகள் சொன்னாள். சாப்பாட்டு மேசையில், தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“அம்மா, என்ர சீலிங்குக்குள்ள டொக் டொக் எண்டு கேக்குது.”

“எப்ப?”

“ஹீற் நிண்ட பிறகு. லைக், ஒரு சொட்டு, பிறகு கன நேரத்தால இன்னொரு சொட்டு.”

எனக்கு உடனே பயம் பிடித்தது. நான் அப்படிப்பட்டவள். அடுப்பை நிறுத்தினேனா என்று பார்க்கப் பாதி வழியில், தெருத் தண்டவாளத்தில் ஓடும் ஸ்றீட்காரை விட்டு இறங்கித் திரும்பி வந்தவள். கதவுப் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பவள். மகள் பள்ளிச் சுற்றுலா போனால் பஸ் கொம்பனியின் விபத்து விபரம் தேடுகிறவள். வீட்டில் எல்லாருக்கும் இது பகிடி. ஆகவே, என் பயம் எனக்குத் தெரியும் என்பதால், அதை நம்பாமல் அவரிடம் கேட்டேன்.

“இரும்புக் குழாய் சூட்டில நீளும், ஆறேக்க சுருங்கும். அதுதான் டொக் எண்டுறது” என்றார். “அக்கா, நீங்கள் யோசிச்சு யோசிச்சே பிள்ளைக்கும் உந்த வருத்தத்தைக் குடுத்திட்டியள்.”

இதை அப்படியே மகளிடம் போய்ச் சொன்னேன். மாமா சொன்னவர், அது குழாய் சுருங்குகிற சத்தம். அவள் தோளை உயர்த்தினாள். இரண்டு மூன்று தரம் மறுபடி சொன்னாள். நானும் அதே பதிலைச் சொன்னேன். டிசம்பரில் ஒரு நாள், சத்தம் நின்றுவிட்டது என்றாள். “பாத்தியா, மாமா சொன்னது சரி” என்றேன்.

டிசம்பர் முடிவில், நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு சீலிங்கில் உள்ளங்கை அளவு ஒரு மங்கல் நிறம். படமெடுத்து அவருக்கு அனுப்பினேன். பழைய சாந்து, சூட்டுக்கு உப்பிடித்தான் நிறம் மாறும், வசந்தத்தில் பெயின்ற் அடிப்பம் என்று குரல்பதிவு வந்தது. அதை இரண்டு தரம் போட்டுக் கேட்டேன். குரலில் ஒரு தயக்கமும் இல்லை.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, காலை ஒன்பது மணி இருக்கும். மகள் கீழே வந்து, காலைச் சாப்பாட்டுக்குப் பாண் முடிந்துவிட்டதென்று என்னோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். அப்போது மேலே ஒரு சத்தம். லொறியிலிருந்து கல் கொட்டுவது போல. பிறகு அமைதி. பிறகு தண்ணீர் சொட்டும் சத்தம்.

ஓடிப்போனோம். அவளுடைய கட்டிலில், தலையணை இருந்த இடத்தில், ஒரு சிறு மேசை அகலத்துக்குச் சாந்து விழுந்து கிடந்தது. பழைய வீட்டுச் சாந்து, இரண்டு விரல் தடிப்பு, ஈரத்தில் கனத்துப்போனது. அதை நான் ஒரு துண்டு தூக்கிப் பார்த்தேன். இரண்டு கை தேவைப்பட்டது. அவள் எழுந்து கீழே வந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. போர்வையில் அவளுடைய உடம்பின் பள்ளம் அப்படியே இருந்தது.

அவள் வாசலில் நின்று பார்த்தாள். நான் என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. முதலில் ஞானத்தகப்பனுக்குத்தான் அழைத்தேன். பொயிலரை நிறுத்துங்கோ, பின்னேரம் வாறன் என்றார். அதற்குப் பிறகு நான்கு தரம் அழைத்தேன். எடுக்கவில்லை. வெளியே உறைபனி. சூடில்லாமல் வீடு ஆறிக்கொண்டு வந்தது. கடைசியில் பக்கத்து வீட்டுப் பெண்தான் தனக்குத் தெரிந்த ஒரு பிளம்பரை அனுப்பிவைத்தாள்.

வந்தவர் வயதான போர்த்துக்கீசர். அதிகம் பேசாதவர். முதலில் பேஸ்மென்றுக்குப் போய்ப் பார்த்தார். சிவப்புப் பிடிக்குப் பக்கத்தில் மணி போன்ற ஒரு பித்தளைச் சாமானைத் தட்டிக் காட்டினார். தண்ணீர் குறைந்தால் இது தானாகவே புதுத் தண்ணீரை விட்டுக்கொள்ளும், யாரோ அதை அடைத்துவைத்திருக்கிறார்கள், ஏன் என்று கேட்டார். நான் ஞாயிற்றுக்கிழமை விஷயத்தைச் சொன்னேன். நாட்காட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அம்மணி, இந்தத் தண்ணீர் வெளியே போக வழியே இல்லை. வாரா வாரம் குறைந்தால், வாரா வாரம் எங்கேயோ ஒழுகுகிறது. இதை அடைத்தவருக்கு அது தெரியும். திறந்துவிட்டிருந்தால் முதல் மாதமே சீலிங் விழுந்திருக்கும். அடைத்தால் மெதுவாக ஒழுகும்.”

மகள் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மேல்தளத்தில் திருகாணிகளைக் கழற்றி அந்தப் பலகையைத் தூக்கினார். நீட்டிய குழாயின் மூட்டில் வெள்ளை நாடா சுற்றோ சுற்று என்று சுற்றியிருந்தது. அதற்கு மேல் ஒரு துணி. துணிக்குக் கீழே, இரண்டு மரச் சட்டங்களுக்கு நடுவில், சரிந்துபோய்க் கழுத்துவரை தண்ணீரோடு ஒரு ஐஸ்கிறீம் பெட்டி. அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துச் சிந்தாமல் வெளியே எடுத்து நிலத்தில் வைத்தார். பக்கத்தில் நீல ஒட்டுநாடா. எழுத்து கொஞ்சம் ஊறியிருந்தது, ஆனால் வாசிக்க முடிந்தது. கணவாய். கீழே திகதி.

சத்தம் ஏன் டிசம்பரில் நின்றது என்று அப்போதுதான் விளங்கியது. பெட்டி நிரம்பியிருக்கிறது.

மகள் குனிந்து அதைப் பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“அம்மா. இது உங்கட எழுத்து.”

“ஓம்.”

“அப்ப உங்களுக்குத் தெரியுமா?”

இப்படியொரு கேள்வி வரும் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை. அவருடைய துரோகத்தைப் பார்த்து நான் உறைந்து நின்ற அதே நொடியில், அவள் என்னுடையதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் பெட்டி, என் எழுத்து, ஒவ்வொரு ஞாயிறும் தண்ணீர் விட்ட என் கை. ஒழுக்கு தெரிந்து, பெட்டி வைத்து, அதற்குக் கீழே அவளைப் படுக்கவைத்திருக்கிறேன் என்று அவள் நினைத்தால் அதற்கு எல்லாச் சாட்சியும் இருந்தது. இல்லை என்றேன். தெரியாது, மாமாவுக்குக் கறி குடுத்த பெட்டி என்றேன். என் குரல் எனக்கே பொய் சொல்கிறவளின் குரல் போலக் கேட்டது. அவள் தலையணையை மட்டும் எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டாள்.

பிளம்பர் ஒழுகிய மூட்டுப் பகுதியை வெட்டி எடுத்துப் புதிது போட்டார். பின்னேரத்துக்குள் வீடு சுட்டது. அன்று கணவருக்குத் தொலைபேசி எடுத்தபோது அவர், “அவன் வேணுமெண்டு செய்திருக்க மாட்டான்” என்றார். முதலில் கேட்கவேண்டியது அதுவா என்று கேட்டேன். பிறகுதான் பிள்ளைக்கு ஒன்றும் இல்லையே என்றார்.

ஞானத்தகப்பன் மறுநாள் பூசைக்குப் பிறகு வந்தார். நாங்கள் அன்று பூசைக்குப் போகவில்லை. கோட்டோடு சாப்பாட்டு அறையில் நின்றார். பெட்டியை மேசையில் வைத்திருந்தேன். மகள் எதிரே சோஃபாவில், போர்வையை இழுத்து மூடிக்கொண்டு இருந்தாள். அவள் முன்னால்தான் இதைக் கேட்கவேண்டும் என்று இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். நான் வேறு ஒன்றையும் அவரிடம் எதிர்பார்க்கவில்லை. மன்னிப்புக்கூட வேண்டாம். அக்காவுக்குத் தெரியாது என்ற ஒரு வசனம் போதும்.

“தம்பி, உந்தப் பெட்டி எனக்குத் தெரியுமோ? பிள்ளைக்குச் சொல்லும்.”

அவர் பெட்டியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு என்னிடம், மிகவும் மெதுவாக, படுக்கையில் கிடக்கிற வருத்தக்காரரோடு பேசுவது போல:

“அக்கா, நான் அண்டைக்கே சொன்னனான்தானே. ஒரு சின்னக் கசிவு இருக்கு, பெட்டி வைச்சிருக்கு, இடைக்கிடை பாருங்கோ எண்டு.”

“எங்க சொன்னனீர்? எப்ப?”

“நீங்கள் மறந்திட்டியள். உங்களுக்குத் தலைக்குள்ள ஆயிரம் யோசினை.”

“பலகைக்குத் திருகாணி முறுக்கிப்போட்டு இடைக்கிடை எப்பிடிப் பாக்கிறது?”

“இப்ப கத்தி என்ன பிரயோசனம் அக்கா. பிள்ளைக்கு ஒண்டும் நடக்கேல்லை. கடவுள் காப்பாத்தினவர்.”

நான் கத்தவில்லை. ஆனால் அவர் சொன்ன பிறகு கத்தியது போலாகிவிட்டது. அவர் மகளிடம், “அம்மாவைப் பாத்துக்கொள்ளுங்கோ குஞ்சு” என்றார். இத்தனை வருடமாக இந்த வீட்டுக்குள் வரும்போதெல்லாம் சொல்கிற அதே சொல், அதே குழைவு. அவர் தேநீர் கேட்கவில்லை, வேணுமா என்று நானும் கேட்கவில்லை. சப்பாத்து நாடாவைக் கட்ட வெகுநேரம் எடுத்தார். அப்போதாவது திரும்பிச் சொல்லிவிடுவார் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன்.

அந்த ஒழுக்கை என்னால் மன்னித்திருக்க முடியும். இருட்டுகிறது, பொருத்தமான துண்டு கையில் இல்லை, அடுத்த கிழமை வந்து செய்யலாம் என்று நினைத்திருப்பார். பிறகு வெட்கம் வந்திருக்கும். வெட்கம் வந்தால் நாங்கள் எல்லாரும் மூடத்தான் பார்ப்போம். ஆனால் வேறொருவரின் கையைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றப் பழக்கியதற்கும், என் பிள்ளையின் முகத்துக்கு முன்னால் என்னைக் காட்டிக்கொடுத்ததற்கும் எனக்குக் காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை. தேடாமலும் இருக்க முடியவில்லை. மெழுகுதிரிப் படத்தைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தேன். சுவரில் அதன் சதுரம் வெளிறித் தெரிகிறது.

மகள் மூன்று நாள் என்னோடு தேவைக்கு மட்டும் பேசினாள். சோஃபாவில் படுத்தாள். புதன்கிழமை அவள் பள்ளிக்கூடத்தால் வரும்போது நான் உறைபெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு, எல்லா ஐஸ்கிறீம் பெட்டிகளையும் வெளியே எடுத்து, நீல நாடாக்களை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தேன்.

“என்ன செய்யிறீங்கள்?”

“ஒண்டுமில்லை.”

“அப்ப எது மீன், எது இறைச்சி எண்டு எப்பிடித் தெரியும்?”

நான் அடுத்த நாடாவையும் உரித்தேன். அவள் புத்தகப் பையைக் கழற்றிக் கதிரையில் போட்டாள். மேசையில் சாய்ந்து நின்றாள்.

“அம்மா, நான் யோசிச்சனான். உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.”

நான் நிமிர்ந்தேன்.

“தெரிஞ்சிருந்தா நீங்கள் மணித்தியாலத்துக்கு ஒருக்கா ஏறி அதை ஊத்தியிருப்பீங்கள். ஃபோன்ல அலாம் வைச்சிருப்பீங்கள். லிற்றரலி அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில படுத்திருப்பீங்கள். மாமாவுக்கு உங்களைத் தெரியும். அப்பிடியிருந்தும் மறந்திட்டீங்கள் எண்டு சொல்லுறார். நீங்கள் எப்பவாவது ஒரு விஷயத்தை மறந்திருக்கிறீங்களா?”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. கிட்டப் போனேன். அவள் ஒரு அடி பின்னால் வைத்தாள்.

“ஆனா நான் சொன்னனான்” என்றாள். “நாலு தரம் சொன்னனான். ஒவ்வொரு முறையும் நீங்கள் மாமாட்டத்தான் கேட்டீங்கள். ஒருக்காக்கூட என்ர றூமுக்கு வந்து கேக்கேல்லை.”

அது உண்மை. ஒவ்வொரு ஞாயிறும் பொயிலருக்குப் பக்கத்தில் காதை வைத்துத் தண்ணீர் போகும் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். அதே தண்ணீர் வந்து விழுந்துகொண்டிருந்த இடத்துக்குக் கீழே ஒரு தடவையும் நின்று கேட்கவில்லை. உலகத்தில் எல்லாவற்றுக்கும் பயந்தவள், என் பிள்ளை ஒன்றைச் சொன்னபோது மட்டும் பயப்படாமல் இருக்கப் பழகியிருந்தேன். அதை எனக்குப் பழக்கியவர் யார் என்று சொல்லித் தப்பலாம். அவளிடம் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

சீலிங்கைப் புதிதாகப் போட்டு, பெயின்ற் அடித்து, இரண்டு வாரம் ஆகிறது. பித்தளைச் சாமான் தன் வேலையைத் தானே பார்க்கிறது. ஊசி பதினைந்தில் நிற்கிறது, அசைவதில்லை. இருந்தும் ஞாயிற்றுக்கிழமைகளில் கால் தன்பாட்டில் பேஸ்மென்றுக்கு இறங்கிவிடுகிறது. செய்ய ஒன்றும் இல்லாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஏறி வருகிறேன். பூசைக்கு இப்போது வேறு கோயிலுக்குப் போகிறோம்.

அவள் இன்னும் சோஃபாவில்தான் படுக்கிறாள். போன சனிக்கிழமை மத்தியானம், சூடு நின்று குழாய்கள் ஆறும் நேரம் பார்த்து, நான் அவளுடைய அறைக்குப் போனேன். கதவைச் சாத்தாமல் கட்டிலில், தலையணை இல்லாத இடத்தில், தலையை வைத்து மல்லாக்கப் படுத்தேன். தெருவில் ஸ்றீட்கார் போன சத்தம் ஓய்ந்தது. ரேடியேற்றர் ஒரு தரம் மெல்லச் சொடுக்கியது. மேலே ஒன்றும் இல்லை.

எவ்வளவு நேரம் கிடந்தேனோ தெரியாது. திரும்பிப் பார்த்தபோது அவள் வாசலில் நின்றாள். தலையணை கையில்.

“ஏதும் கேக்குதா?”

“இல்லை.”

அவள் உள்ளே வரவில்லை. கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள். வெள்ளைச் சீலிங்கை அந்த இடத்தில், நானும் பார்க்கிற அதே இடத்தில், பார்த்தாள்.

“இன்னும் கொஞ்ச நேரம் கேளுங்கோ” என்றாள்.

கேட்டுக்கொண்டு கிடந்தேன்.